ஐந்தாவது துரோகம்

வரிசையாகச் சொல்கிறேன் தம்பி. வரிசை மாறினால் நியாயம் மாறிவிடும்.

முதல் துரோகம், தோல் தொழிலாளர் சங்கம். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்து நான் கட்டிய சங்கம். கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியது இந்தக் கை. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்துபோன ஆட்களை முதன்முதலாக வேலைநிறுத்தத்துக்கு அழைத்துப் போனது நான். தலைவர் தேர்தல் வந்தது. என் கையால் உறுப்பினர் அட்டை வாங்கியவன் எனக்கு எதிராக நின்றான், ஜெயித்தான். அவனுக்கு நான் மாலை போட வேண்டும் என்றார்கள். போட்டேன்.

இரண்டாவது, துண்டறிக்கை. ராத்திரி பகல் பார்க்காமல் நான் எழுதியது. அச்சாகி வந்தபோது கீழே வேறு ஒருவன் பெயர். கேட்டால், "அமைப்போட குரல்தானே தோழர், யார் பேர் இருந்தா இன்னா" என்றார்கள். யார் பெயர் இருந்தாலும் ஒன்றுதான் என்றால் என் பெயர் இருந்திருக்கலாமே? இதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

மூன்றாவது, என் மகன். நான் வாசலில் நின்று முழக்கம் போடுகிற ஷூ கம்பெனிக்குள்ளேயே சூப்பர்வைசராகப் போய் உட்கார்ந்தான். காலையில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரும் கிளம்புவோம். அவன் கேட்டுக்கு உள்ளே போவான். நான் வெளியே நிற்பேன்.

நான்காவது, மே தினக் கூட்டம். மேடையில் ஏற்றினார்கள், சால்வை போட்டார்கள், மைக்கைக் கொடுத்தார்கள். நான் அப்போதுதான் விஷயத்துக்கு வந்திருந்தேன். பின்னாலிருந்து ஒருவன் வந்து, "டைம் ஆயிடுச்சு தோழர்" என்று கையிலிருந்து மைக்கை உருவிக்கொண்டு போனான். நாற்பது வருஷம் மைக் பிடித்த கை இது. சால்வையோடு இறங்கி வந்தேன். சால்வை நல்ல சால்வைதான், அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவதைத்தான் நீங்கள் கேட்டீர்கள். பஸ் கிளம்பும்போது சன்னல் வழியாக அந்த ஆளிடம் கையால் என்ன பேசினீர்கள் பெரியவரே என்று. சண்டை போட்டேன். கண்ணாடி மூடியிருந்தாலும் அந்தப் பாஷையில் சண்டை போடலாம், அது ஒன்றுதான் அதில் வசதி. அவன் பெயர் குப்புராஜ். பெரியவர் வேண்டாம், என் பெயர் ஏகாம்பரம். தோழர் என்று சொன்னால் இன்னும் நல்லது. நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? திருவண்ணாமலையா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது.

இன்னொன்று. கேட்கும்போது அவனை ஊமை என்றீர்கள். அந்த வார்த்தை வேண்டாம். காது கேளாதவர்கள். அவர்கள்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருக்கிறது, நானே சொல்வதில்லை.

மே தினத்துக்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. கம்பெனி வாசலில் ரஹமத்துல்லா டீக்கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ஷிப்ட் விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் கேட் திறந்தால் ஆயிரம் பேர் வருவார்கள், முக்கால்வாசிப் பெண்கள். நான்கு சங்கத்துக்காரர்கள் நான்கு கலர் நோட்டீஸோடு நிற்பார்கள். கூட்டத்தின் கடைசியில் ஒரு இருபது பேர் வருவார்கள், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு. அவர்களுக்கு மட்டும் யாரும் நோட்டீஸ் நீட்ட மாட்டார்கள். சந்தையில் மாடு போனால் வழி விடுவதுபோல ஒதுங்கி வழி விடுவார்கள்.

"அதுங்களுக்கு இன்னாத்துக்கு நோட்டீஸ்?" என்றார் ரஹமத்துல்லா. "பாதிக்குப் படிக்கத் தெரியாது. மீட்டிங்குக்கு வந்தாலும் காதுல உழப்போவுதா?"

அந்த நிமிஷமே முடிவு செய்தேன். நான்கு சங்கத்தில் ஒருவன்கூட கைவைக்காத தொழிலாளி. பட்டா போடாத நிலம் மாதிரி. நாற்பது வருஷ அனுபவம் அங்கே போய் நின்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்?

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில் நிலையத்தில் கூடுவார்கள். இரண்டாவது பிளாட்பாரத்தின் கடைசியில் ஒரு பெரிய விளக்கு, அதன் கீழே. வெளிச்சம் இல்லாத இடத்தில் அவர்களுக்குப் பேச்சு கிடையாது. தச்சுவேலை செய்பவன், தையல்காரி, கம்பெனி ஆட்கள் என்று சுற்றுவட்டாரத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் வருவார்கள். நான் போய் நின்றேன். யார் நீ என்று கேட்டார்கள். கேட்டார்கள் என்றால் ஒருத்தி சுட்டுவிரலை நீட்டி என் நெஞ்சுக்கு நேராகக் குத்திக் காட்டினாள். அந்தப் பாஷையில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது தம்பி. கலெக்டராக இருந்தாலும் விரல்தான், கழுதையாக இருந்தாலும் விரல்தான். நம் ஊரில் ஒரு மனிதனைப் பார்த்து விரலை நீட்டினால் கைகலப்பு ஆகும். அறுபத்தெட்டு வயதில் நான் அந்த விரலை வாங்கிக்கொண்டு நின்றேன்.

அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தவள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரையும் ஏதாவது ஒரு அடையாளத்தால் அழைப்பார்கள். அவளை அழைக்க மூக்கின் இடப்பக்கத்தை இரண்டு தடவை தொட வேண்டும். அங்கே ஒரு சிவப்புக்கல் மூக்குத்தி. நான் உங்களுக்குச் சொல்லும்போது மூக்குத்தி என்றே சொல்கிறேன். எனக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். கையை மூடி வாய்க்கு முன்னால் வைப்பது. மைக். முதல் நாளிலேயே என்னைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மூக்குத்தி அப்பர் தைக்கிற செக்‌ஷன். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். குப்புராஜ் கட்டிங். அவனுக்கு என்னை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. மூக்குத்திக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று கண்டுபிடிக்க முடியாது, எல்லோரையும் ஒரே மாதிரி அதட்டுவாள். நான் கையை ஆட்டும்போது வாயாலும் பேசிவிடுவேன், பழக்கம். வாய் பேசினால் என் கை பாதியில் நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பொட்டலம் கமர்கட் வாங்கி வந்தாள். பாடம் முடிகிறவரை வாயில் ஒன்று. கடித்தால் இன்னொன்று. துப்பாக்கிச் சூட்டில் தப்பித்தவன் தம்பி நான். வாயில் கமர்கட்டோடு பிளாட்பாரத்தில் நின்றேன்.

முகம் வேறு. கேள்வி கேட்டால் புருவம் தூக்க வேண்டுமாம். மேடையில் முகத்தை இறுக்கமாக வைத்து வைத்து என் புருவம் எழும்பவில்லை. "சாப்பிட்டாயா?" என்று நான் கேட்டால், சாப்பிடு என்று உத்தரவு போடுவதுபோல இருக்கிறதாம். குப்புராஜ் என்னைப்போலவே முகத்தை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் நடித்துக் காட்டுவான். சிரிப்பார்கள். அவர்கள் சிரித்தால் சத்தம் வரும், அது தெரியுமா உங்களுக்கு? பெரிய சத்தம் வரும்.

கூட்டம் நடத்துகிற லட்சணத்தைக் கேளுங்கள். வட்டமாக நிற்பார்கள். முன்வரிசை இல்லை, பின்வரிசை இல்லை, மேடை இல்லை. எல்லோருக்கும் எல்லோருடைய கையும் தெரிய வேண்டுமாம். ஒருவர் பேசத் தொடங்கும்முன் அத்தனை கண்ணும் அவர்மேல் இருக்க வேண்டும். ஒருவர் பார்க்கவில்லை என்றால் பேச்சு காத்திருக்கும். ஒருத்தி குனிந்து செருப்பு வாரை மாட்டினால் புரட்சி நிற்கிறது. நான் முப்பதாயிரம் பேர் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். எத்தனை பேர் கவனித்தார்கள் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அதுவா முக்கியம்?

வார்த்தை வேறு பற்றாது. சுரண்டல் என்பதற்கு என்ன என்று கேட்டேன். மூக்குத்திக்குப் புரியவில்லை. முதலாளி, உழைப்பு, லாபம் என்று ஒரு மணி நேரம் கையாலேயே விளக்கினேன். கடைசியில் தலையாட்டினாள். ஒரு விரலைத் தூக்கி மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கழிப்பறைக்குப் போகக் கேட்டால் சூப்பர்வைசர் ஆட்டுகிற விரல் அது. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்குத் திருப்தி இல்லை. சுரண்டல் என்பது கழிப்பறை அல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தீப்பிடித்தது.

சொல்யூஷன் ரூமில். ஷூ ஒட்டுகிற பசையைச் சொல்யூஷன் என்பார்கள், ஒரு பொறி போதும். சைரன் அலறியது. டீக்கடையில் இருந்த எனக்கே காது வலித்தது. ஆயிரம் பேர் முட்டி மோதிக்கொண்டு வெளியே வந்தார்கள். வந்தவர்களில் ஒருவருக்குக்கூட நினைப்பு வரவில்லை, கடைசி வரிசையில் தைக்கிற பெண்களுக்குச் சைரன் கேட்காது என்று. அவர்களைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரிந்தால் கையால் பேசுவார்கள், வேலை கெடும் என்று. அப்படி உட்கார வைத்த சூப்பர்வைசர் யார் என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்கவில்லை, சரி. கேட்காதீர்கள்.

தைக்கும்போது ஊசியைத்தான் பார்க்க வேண்டும். நிமிர்ந்தால் தையல் கோணும், கோணினால் வசவு. மேலேயிருந்து புகை இறங்கி ஊசியை மறைத்தபோதுதான் மூக்குத்தி திரும்பியிருக்கிறாள். பின்னால் ஆளே இல்லை. ஸ்டூல்கள் கவிழ்ந்து கிடக்கின்றன, செருப்புகள் கிடக்கின்றன. பக்கத்தில் நான்கு பெண்கள் சுவரைப் பார்த்துத் தைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கூப்பிட வழியில்லை. ஒவ்வொருத்தியாகப் போய்த் தோளைப் பிடித்து இழுத்து, புகைக்குள் ஐந்து பேரும் கைகோர்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வந்து வாந்தி எடுத்தார்கள். யாரும் சாகவில்லை. அதனால் செய்தித்தாளிலும் வரவில்லை.

இருமல் மட்டும் அவளுக்கு இன்னும் போகவில்லை.

மறுநாள் அவர்களில் ஆறு பேர் மெஷினில் உட்கார மாட்டோம் என்று கேட்டில் நின்றுவிட்டார்கள். ஆறு பேரையும் கம்பெனி சஸ்பெண்ட் செய்தது, மூக்குத்தி, குப்புராஜ் உட்பட. என் காலம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். நேராகப் போனேன். என்ன கோரிக்கை என்று கேட்டேன்.

மூக்குத்தி தலைக்கு மேலே கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து, விரித்து, குவித்து, விரித்துக் காட்டினாள். விளக்கு. சைரன் அடிக்கும்போது விட்டுவிட்டு எரிகிற சிவப்பு விளக்கு. வரிசைக்கு ஒன்று.

"அப்புறம்?" என்றேன்.

"அவ்வளவுதான்."

தம்பி, வரலாற்றில் எந்தத் தொழிலாளி வர்க்கமாவது ஒரு விளக்குக்காகப் போராடியதாக நீங்கள் படித்திருக்கிறீர்களா? நான் படித்ததில்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினேன். போனஸ், பஞ்சப்படி, நிரந்தரப்படுத்தல், கான்டிராக்ட் ஒழிப்பு, பணிக்கொடை. மொத்தம் பதினேழு கோரிக்கை. எடுத்துப்போய்க் காட்டினேன். அந்த ஆறு பேரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் மூக்குத்திதான். நிதானமாகப் படித்தாள்.

"விளக்கு எங்கே?"

"பதினேழாவது."

"மற்றதெல்லாம் யாருடையது?"

"உங்களுடையதுதான்."

"நாங்கள் சொல்லவில்லையே."

"உங்களுக்குத் தெரியாது. அதற்குத்தானே நான் இருக்கிறேன்."

குப்புராஜ் அவளைப் பார்த்து என்னமோ சொன்னான். சின்னச் சின்னதாகக் கையை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாதபடி. குசுகுசு என்று பேசுவது அவர்களிடமும் உண்டு.

கேட் கூட்டம் போட்டேன். டீக்கடை பெஞ்சைப் போட்டு, ரஹமத்துல்லாவின் மச்சான் கடையிலிருந்து மைக் செட் கொண்டுவந்து. ஷிப்ட் விடுகிற நேரம். காது கேட்கிறவர்கள் ஐந்நூறு பேர் நின்றார்கள். முன்னால் காது கேளாதவர்கள் இருபது பேர். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் பேசினேன். தமிழ்நாட்டில் அதுவரை எவனும் செய்ததில்லை என்று நினைக்கிறேன். வலது கையில் மைக். வாயில் தமிழ். இடது கையில் அவர்கள் பாஷை. ஐந்நூறு பேர் கை தட்டினார்கள். முழக்கம் எழும்பியது. ரொம்ப நாளைக்குப் பிறகு என் குரல் எதிர்ச் சுவரில் போய் மோதித் திரும்பி வந்தது.

பாதியில் குப்புராஜ் பெஞ்சில் ஏறினான். என் கையிலிருந்து மைக்கை எடுத்தான். குனிந்து தரையில் வைத்தான். என் வலது கையைப் பிடித்துத் தூக்கி, இடது கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். ஒரு சின்னக் குழந்தைக்குக் கைகூப்பக் கற்றுக்கொடுப்பதுபோல. ஐந்நூறு பேர் பார்க்கிறார்கள்.

பிறகு சொன்னார்கள், அந்தப் பாஷைக்கு இரண்டு கையும் வேண்டும், ஒரு கையால் பேசினால் பாதி வார்த்தை வராது, மீதிப் பாதி வேறு எதுவோ ஆகிவிடுகிறது என்று. இருக்கட்டும். சொல்லியிருக்கலாமே. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. மைக்கைத் தரையில் வைப்பதா? மே தினத்தில் பிடுங்கியவனாவது அதை இன்னொரு பேச்சாளனிடம் கொடுத்தான். இவன் மண்ணில் வைத்தான்.

அப்படியும் நான் விட்டுப் போகவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தது நான். பேச்சுவார்த்தைக்கு நாள் வாங்கியது நான். முதல் நாள் பேச்சில் பதினேழு கோரிக்கையையும் மூச்சு விடாமல் வாசித்தது நான். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது வராந்தாவில் மேனேஜர் என் பக்கத்தில் வந்தார்.

"தோழர், சும்மா இழுக்காதீங்க. வெளக்கு போட்டுடறோம். ஆறு பேரையும் திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லுங்க. மீதிப் பதினாற மறந்துடுங்க. இன்னைக்கே முடிச்சுக்கலாம்."

"பதினேழும். இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம்" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள். முதலாளி கூப்பிட்டுக் கொடுக்கிறான் என்றால் பயந்துவிட்டான் என்று அர்த்தம். பயந்தவனை விடலாமா? போய் அவர்களைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியுமா? அவன் சிரிக்க மாட்டானா? தலைவன் என்றால் நின்ற இடத்தில் முடிவு சொல்ல வேண்டும். சொன்னேன். அவர்களிடம் அதைச் சொல்லவும் இல்லை. எதற்கு மனசைக் கலைக்க வேண்டும்?

ஆனால் வராந்தாவின் அந்தக் கோடியில் மூக்குத்தி நின்றிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். மேனேஜர் உதட்டை அங்கிருந்தே படித்துவிட்டாள். பத்து வருஷம் அந்த வாயிலிருந்து வசவு வாங்கியவள், அந்த உதடு அவளுக்கு மனப்பாடம். இவர்கள் இருக்கிற இடத்தில் ரகசியம் பேசக் கூடாது தம்பி. சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, கண்ணாடிக்குக் கண் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிளாட்பாரத்துக்குப் போனேன். வட்டம் ஏற்கெனவே கூடியிருந்தது. எனக்கு ஒரு இடம் விட்டிருந்தார்கள், நேராக அவளுக்கு எதிரே.

"மேனேஜர் விளக்கு தருகிறேன் என்றான்" என்றாள்.

"யார் சொன்னது?"

"அவன் வாய். நீ வேண்டாம் என்றாய்."

"ஒரு காரணத்தோடுதான்..."

"எங்களைக் கேட்டாயா?"

நான் தோல் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலிருந்து ஆரம்பித்தேன். அன்றைக்குப் பாதிக்கு ஒப்புக்கொண்டு முழுதும் இழந்த கதை. அது தெரியாமல் இன்றைய நிலைமை புரியாது. ஆரம்பிக்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது எங்கள் கதையா?"

"எல்லோர் கதையும்."

"உள்ளே எங்கள் பெண்கள் இன்னும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். நாளைக்கும் உட்காருவார்கள். அடுத்த தீ என்றைக்கு என்று உனக்குத் தெரியுமா?"

"போராட்டம் என்றால் பொறுமை வேண்டும்" என்றேன். சரியான பதில். எந்த மேடையிலும் கைதட்டல் வாங்குகிற பதில்.

மூக்குத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

உங்களுக்கு அது சாதாரணமாகத் தெரியும். அங்கே அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. குப்புராஜ் மூடினான். பக்கத்தில் இருந்தவள் மூடினாள். வட்டம் முழுக்க ஒவ்வொருவராக. நான் பேசிக்கொண்டே இருந்தேன். இரண்டு கையாலும்தான் பேசினேன், புருவத்தைத் தூக்கித்தான் பேசினேன். யாரிடம்? வேறு வழியில்லாமல் வாயால் கத்தினேன். வண்டிக்குக் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், இவர்களைத் தவிர.

என்னைப் போலீஸ் அடித்திருக்கிறது. அடியாட்கள் அடித்திருக்கிறார்கள். யாரும் கண்ணை மூடிக்கொண்டதில்லை.

இப்போது கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். வரிசைக்கு ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. சுவரைப் பார்த்து யாரும் உட்காருவதில்லை. ஆறு பேரும் வேலையில் இருக்கிறார்கள். மீதிப் பதினாறு கோரிக்கை என் வீட்டுப் பரணில் இருக்கிறது. குப்புராஜ் இன்றைக்குச் சன்னலில் என்ன கேட்டான் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்றான். வர மாட்டேன் என்றேன். போன வாரமும் இதே சண்டைதான். அதற்கு முந்தின வாரமும். துரோகியிடம் அதற்குமேல் என்ன பேச்சு?

சரி, கடைசி நாளுக்கு வருகிறேன். செங்கம் தாண்டுவதற்குள் முடித்துவிடலாம்.

இரண்டாவது பேச்சுவார்த்தை. எனக்கு அழைப்பு இல்லை. போனேன். மனு கொடுத்தவன் நான், என்னை யார் தடுப்பது? பின்பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மேனேஜர், கம்பெனி வக்கீல். இன்னொரு பக்கம் ஆறு பேரும். சுவரோரம் சாட்சிகள். கம்பெனி தரப்பில் இரண்டு குமாஸ்தாக்கள், தொழிலாளர் தரப்பில் ரஹமத்துல்லாவும் அவர் மச்சானும். காது கேளாதோர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சரம்மா மொழிபெயர்க்க வருவதாக ஏற்பாடு. அவர் வரவில்லை, பரீட்சை வேலை போட்டுவிட்டார்களாம்.

அதிகாரி சொன்னார். "போன தடவை இவங்க சார்பா ஏகாம்பரம் பேசினார். இப்ப நாங்களே பேசிக்கிறோம்னு மனு வந்திருக்கு. யாரு பிரதிநிதின்னு முதல்ல பதிவு பண்ணணும்."

வக்கீல் எழுந்தார். "மனுவ யார் எழுதினாங்கன்னு யாருக்குத் தெரியும் சார்? எழுதிக் காட்டறதெல்லாம் செல்லாது, சாட்சிங்க முன்னாடி அவங்களே வாயத் தொறந்து சொல்லட்டும். சொல்ல முடியலன்னா தள்ளி வைங்க."

தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த நாள் கம்பெனியின் உள்விசாரணை. ஒப்பந்தம் இல்லாமல் அந்த விசாரணை நடந்தால் ஆறு பேரும் டிஸ்மிஸ். விளக்கும் அதோடு போயிற்று.

"இவங்க பாஷை தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்றார் அதிகாரி.

மேலே பேன் சுற்றிக்கொண்டிருந்தது. ரஹமத்துல்லா என்னைப் பார்த்தார். அவர் மச்சான் என்னைப் பார்த்தான். அந்த ஆறு பேருக்கும் கேள்வி காதில் விழவில்லை, ஆனால் எல்லோரும் பார்க்கிற பக்கம் பார்த்தார்கள். அப்போதுதான் நான் பின்னால் இருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. மூக்குத்தி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் நான் யோசித்திருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா பார்த்தாள், கடிகாரத்தைப் பார்ப்பதுபோல.

நான் அசையவில்லை. எதற்கு அசைய வேண்டும்? கண்ணை மூடியவர்கள் அவர்கள்.

வக்கீல் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏகாம்பரம் சாரே சொல்லட்டும் சார். எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. அவர் என்ன பேர் சொல்லுவார்னு நமக்குத் தெரியாதா?"

குமாஸ்தாக்கள் இரண்டு பேரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நாற்பது வருஷமாக அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். எழுந்து முன்னால் போனேன்.

ஆறு பேருக்கும் எதிரே நின்றேன். அத்தனை கண்ணும் என்மேல் வரும்வரை காத்திருந்தேன். உங்களுக்காகப் பேசுவது யார் என்று கேட்டேன். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஐந்து பேர் மூக்கின் இடப்பக்கத்தை இரண்டு தடவை தொட்டார்கள். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, கையை மூடி வாய்க்கு முன்னால் கொண்டுபோகவில்லை.

"இன்னா சார் இது, எல்லாருக்கும் மூக்கு அரிக்குதா?" என்றார் வக்கீல்.

"பேர் வேணும்" என்றார் அதிகாரி. "முழுப் பேர். சத்தமா, சாட்சிங்களுக்குக் கேக்கற மாதிரி."

அப்போதுதான் தம்பி, எனக்கு அவள் பெயர் தெரியாது என்று தெரிந்தது. அவளைப் பற்றி மூன்று துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். புகைக்குள்ளிருந்து நான்கு பேரை மீட்ட வீரப் பெண் என்று எழுதியிருக்கிறேன். பெயர் எழுதவில்லை. தேவைப்படவில்லை.

பெயர் என்ன என்று கேட்டேன். அவள் இடது உள்ளங்கையை எனக்கு நேராக விரித்துப் பிடித்தாள். வலது சுட்டுவிரலால் அதில் எழுத ஆரம்பித்தாள். தையல்காரி கை, அழுத்தி எழுதுவாள். முதல் தடவை எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி என்றேன். மறுபடி எழுதினாள், இன்னும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் நான் தலையாட்டும்வரை நின்று.

அதிகாரி பக்கம் திரும்பினேன். என் முதுகு அவர்களுக்கு. என் உதடு அவள் கண்ணுக்குத் தெரியாது. இந்த அறையில் நான் எந்தப் பெயரைச் சொன்னாலும் இல்லை என்று சொல்ல ஆள் கிடையாது. வக்கீல் சிரித்துக்கொண்டே இருந்தார். அதிகாரி எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

மைக் இல்லை. எனக்கு எதற்கு மைக்? வெளியே வராந்தாவில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற மாதிரி வாசித்தேன்.

"கோ. பானுரேகா."